பட்டியலில் இல்லாத கொலுசு

ரெஜினா அக்காவின் குரல் பதிவுகளை நான் எப்போதும் கடைசியாகத்தான் திறப்பேன். குழுவில் மற்றவர்கள் பேசியதையெல்லாம் கேட்டு முடித்து, இனிமேல் தள்ளிப்போட முடியாது என்றான பிறகு அவருடையதைத் தொடுவேன். காரணம் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் செய்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். திருச்செங்கோட்டில் நான் வேலை செய்யும் பட்டறையில் ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டிக்கு அடியில் படுத்து ஹைட்ராலிக் ஹோஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். செல்போன் வரிசையாக அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால், அவர் எண்ணிலிருந்து ஒரு பதிவு. அதற்குக் கீழே எல்லோரும் அழுகிற முகங்களை அனுப்பியிருந்தார்கள். வழக்கம்போல உருக்கமாக எதையோ பேசிவிட்டார், கூட்டம் உருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கையிலிருந்த ஆயிலைத் துடைத்தேன். டீ குடித்தேன். பிறகுதான் திறந்தேன். ஆண் குரல் வந்தது.

"ரெஜினா ஊட்டுக்காரர் பேசறேனுங்க. காலைல கடைல நின்னுக்கிட்டு இருந்தவ நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துருக்கறா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுருச்சுங்க. உங்க எல்லார்த்துக்கும் அவ போன்லயே சொல்றதுதான் மொறைன்னு பட்டுச்சு."

அதை அவர் அனுப்பி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. குழுவிலேயே கடைசியாகக் கேட்டவன் நான்.

ஏழரை மணிக் குழுவில் இல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கம். தினமும் மாலை ஏழரைக்கு வரும் தொடரைப் பார்ப்பவர்கள் நாங்கள். நாமக்கல், சேலம், தம்மம்பட்டி, மேச்சேரி என்று சுற்றுப்பக்கத்து ஆட்கள். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். ரிக் பைப் விழுந்து முழங்கால் உடைந்து இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தபோது பார்க்க ஆரம்பித்தேன். கால் சரியானபின்னும் பழக்கம் விடவில்லை. ஆம்பளை சீரியல் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொடரின் தயாரிப்பாளர் அம்மாவும் கதாசிரியரும் இணைய நேரலையில் வந்து தொடரைப் பற்றிப் பேசுவார்கள். ஏன் இப்படி எழுதினோம், ஏன் அந்த நடிகை விலகினார், ரசிகர்கள்தான் எங்கள் தெய்வம், இந்த மாதிரி. அது முடிந்ததும் குழுவில் ஒருவரும் எதையும் தட்டச்சு செய்யக்கூடாது. இரண்டு நிமிடத்துக்குள் குரலில் பதில் சொல்ல வேண்டும். அதில் ஒன்றைக் குழுவை நடத்தும் மேச்சேரி சரவணன் தேர்ந்தெடுத்து நேரலைக்காரர்களுக்கு அனுப்புவார். அவர்களுக்குப் பிடித்தால் அடுத்த மாத நேரலையின் தொடக்கத்தில் அதை ஒலிக்கவிடுவார்கள். கதாசிரியர் அதைக் கேட்டுப் பதில் சொல்வார். எங்களுக்கெல்லாம் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. எனக்கு அது ஒரே ஒரு தடவை வேண்டும். கிடைத்ததே இல்லை. ரெஜினா அக்காவுக்கு எத்தனை தடவை கிடைத்தது என்று நான் எண்ணி வைத்திருக்கிறேன், ஆறு.

அவர் குரலை நான் முதலில் கேட்டது கதாநாயகி பூங்கொடிக்குக் கர்ப்பம் கலைந்த மாதத்தில். தயாரிப்பாளர் அம்மா நேரலையில், கதைக்கு ஒரு திருப்பம் தேவைப்பட்டது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கொதித்தது. நான் தொடருக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எந்தப் பகுதி, கதைக்குள் அது எந்த நாள், யார் எங்கே இருக்கிறார்கள், என்ன உடை என்று கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு எழுதியது. அதன்படி அந்தக் கர்ப்பமே பதினான்கு மாதம் நீடித்திருந்தது. நான்கு பக்க அறிக்கை தயாரித்துக் குழுவில் போட்டேன். குரலில்தான் அனுப்ப வேண்டும் என்று சரவணன் நினைவூட்டினார். அறிக்கையைக் குரலில் படித்தேன். இரண்டு நிமிடத்தில் முதல் பக்கம்கூட முடியவில்லை.

அடுத்து அக்காவின் பதிவு. பின்னணியில் குக்கர். "மூணாவது விசில் வாரதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேனுங்க" என்று ஆரம்பித்தார். "ஏனுங்க சார், பூங்கொடிக்குப் புள்ள தங்கலைன்னு எழுதுனீங்க. எழுதுங்க, உங்க கை. மக்யா நாளே பச்சப் பட்டக் கட்டி வெளக்கேத்த உட்டுட்டீங்களே. அந்தப் பொண்ணு ஒரு நா படுத்துக் கெடக்கக் கூடாதுங்களா? ஒரே ஒரு நா?" விசில் வந்தது. பதிவு முடிந்தது.

என் பட்டியலைத் திறந்தேன். அந்த வரி என்னிடமும் இருந்தது. இரண்டு பகுதிகளுக்கும் இடைவெளி ஒரு நாள், உடை பச்சைப் பட்டு. நானே எழுதியது. எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த நேரலையில் கதாசிரியர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கீழே கருத்துகள் மழையாகக் கொட்டின. யார் இந்த அம்மா, எந்த ஊர், இவரே கதை எழுதலாமே என்று. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு.

நேரில் ஒரு தடவை பார்த்தேன். பட்டறைக்கு சீல் கிட் வாங்கச் சேலம் போனவன், ஃபேர்லேண்ட்ஸில் அவர் வேலை பார்த்த மருந்துக்கடைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், நேரில் ஆள் சாதாரணமாக இருப்பார், பார்த்தால் மனசு ஆறும் என்று போனேன். சாதாரணமாகத்தான் இருந்தார். நாற்பத்தைந்து வயசு, கழுத்தில் சிலுவை டாலர், மூக்குக்கண்ணாடி நெற்றியில். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெயரைச் சொன்னேன்.

"அட, பட்டியல் தம்பியா. இத்தன ஒல்லியா இருந்துக்கிட்டு அத்தன கோவம் எங்க வெச்சுருக்கறீங்க சாமி?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பாட்டி சர்க்கரை மாத்திரை வாங்கியபடியே நேற்றைய கதையை அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பொறுமையில்லாமல் நேரடியாகக் கேட்டேன், இப்படிப் பேச எப்படித் தயார் செய்கிறீர்கள் என்று. தயாராவது ஒன்றாவது என்றார். கணவர் ஆரோக்கியம் அண்ணன் லாரி ஓட்டுகிறவர், வடக்கு லைன். நாக்பூர், இந்தூர் என்று மாதத்தில் இருபது நாள் ரோட்டில். எட்டு மணிக்கு எங்காவது ஓரங்கட்டிப் போன் செய்வார். அன்றைய கதையை அக்கா சொல்வார். கல்யாணமானதிலிருந்து இது நடக்கிறது, தொடர்தான் மாறிக்கொண்டிருக்கிறது. "அவருக்குச் சொல்றாப்பலயே சாருக்கும் சொல்றேன். அவ்வளவுதானுங்க."

எனக்கு அதுவும் பொறாமையாக இருந்தது. நான் சொல்வதைக் கேட்க எட்டு மணிக்கு ஓரங்கட்டுகிறவர் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு அக்கா அடிக்கடி போன் செய்வார். தொடரில் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தது தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா, தாலியை அடகு வைத்தது எந்த வாரம் என்று. பட்டியலைப் பார்த்துச் சொல்வேன். ஒருநாள் நான் சொன்ன தகவலை வைத்தே ஒரு பதிவு பேசினார். நேரலையில் அது ஒலித்தது. என் பெயர் இல்லை. கூப்பிட்டுச் சண்டை போட்டேன். "உங்க பேரு, ஊரு, படிப்பெல்லாஞ் சொன்னா ரெண்டு நிமிசத்துல பாதி அதுக்கே போயிருமே சாமி" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவர் அவ்வளவு நல்லவர் ஒன்றுமில்லை. காலமாகிவிட்டார் என்பதற்காக நான் மாற்றி எழுதப்போவதில்லை.

இனி கொலுசு.

மாமியார் பூங்கொடியின் பாலில் எதையோ கலக்கும் வாரம் அது. அதுவரை கண்டிப்பான, ஆனால் நியாயமான மனுஷி என்று காட்டப்பட்டவர். நேரலையில் கதாசிரியர், மனிதர்களுக்குள் மிருகம் ஒளிந்திருக்கிறது என்று தத்துவம் பேசினார். அக்கா கொதித்துவிட்டார். "பூங்கொடி ஊட்ட உட்டுப் போறப்ப மாமியா காலுல உழுந்தாளே, அப்ப அவ கொலுசுத் திருகாணி கழண்டு தொங்கறதப் பாத்துட்டு, வாயில ஒரு வார்த்த பேசாம அந்தம்மாவே குனிஞ்சு மாட்டி உட்டாங்களே. அந்தக் கைதானுங்க இது. அந்தக் கைல வெசத்தக் குடுக்க உங்களுக்கு எப்பிடி மனசு வந்துச்சு?"

அடுத்த மாதம் அது ஒலித்தது. கதாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கொலுசுக் காட்சியை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது" என்றார். தயாரிப்பாளர் அம்மா, படப்பிடிப்பில் எல்லோரும் அழுதோம் என்றார். எங்கள் குழு பொங்கிவிட்டது. எனக்கும் அது நினைவிருக்கிறது என்று பதினோரு பேர் சொன்னார்கள். தம்மம்பட்டியிலிருந்து ஒரு அக்கா, அன்று மாமியார் கட்டியிருந்தது அரக்குக் கரை வைத்த சேலை என்றுகூடச் சொன்னார்.

என் பட்டியலில் கொலுசு இல்லை.

அந்தப் பகுதியையும் முன்னும் பின்னும் இரண்டு பகுதிகளையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். பூங்கொடி காலில் விழுகிறாள், மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கதவு சாத்தப்படுகிறது, விளம்பரம். அவ்வளவுதான். அப்படி ஒரு காட்சியே வரவில்லை. எழுதாத காட்சிக்கு எழுதியவர் கண் கலங்கியிருக்கிறார். எடுக்காத காட்சிக்குப் படப்பிடிப்பில் அழுதிருக்கிறார்கள். ஆனால் நியாயமாக நான் யார்மேல் பாய்ந்திருக்க வேண்டுமோ அவர்கள்மேல் பாயவில்லை. அக்காவின் பதிவுக்குக் கீழேயே, நிமிடம் விநாடியோடு, படங்களோடு, 'இது நடக்காத காட்சி. ரெஜினா அக்கா கற்பனை செய்து சொன்னதை நேரலைவரை கொண்டுபோயிருக்கிறோம்' என்று எழுதினேன். பொய் சொன்னார் என்று எழுதவில்லை. ஆனால் படிப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்படி எழுதினேன். அனுப்பிவிட்டு அடிக்கொரு தரம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை அவருடைய பதில் வந்தது. குக்கர் சத்தம் இல்லை.

"தம்பி சொல்றது நெசந்தானுங்க. அன்னிக்கு ஏழு மணிக்கே கரண்டு போயிருச்சு. எட்டு மணிக்கு அவர் கூப்புட்டுட்டாரு. பாக்கலைன்னு சொல்ல மனசு வரல. பாவம், அத்தன தொலவுல நின்னுக்கிட்டுக் கேக்கறாரு. சரின்னு நானே ஒன்னச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நெசமாப் போயிருச்சுங்க. பொறவு செல்லுலயும் போட்டுப் பாக்கல. அதான் தெரியுமேன்னு உட்டுட்டேன்."

அவர் அசிங்கப்படுவார் என்று காத்திருந்தேன். நடந்தது நேர் எதிர். அதுவரை அவரை ரசித்தவர்கள் அன்றைக்கு அவர்மேல் உயிரையே வைத்துவிட்டார்கள். லாரிக்காரருக்காகக் கதை கட்டிய அக்கா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்கு வந்த பதில்களில் மரியாதையானது, 'தம்பிக்குக் கல்யாணம் ஆனால் சரியாகும்.' பட்டியல் சரியாக இருந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதில் அரக்குக் கரை பார்த்தவரும் சேர்த்தி.

இரண்டு மாதம் கழித்து அந்தக் காட்சி தொடரில் வந்தது. பூங்கொடி நினைத்துப் பார்ப்பதுபோல. காலில் விழுகிறாள், கொலுசு தொங்குகிறது, மாமியார் பேசாமல் குனிந்து திருகாணியை மாட்டுகிறார். பின்னணியில் வீணை. என் பட்டியலில் அதற்கு எண் போட்டு ஒரு வரி எழுத வேண்டியதாயிற்று. நேரலையில் கதாசிரியர், இதை ஆரம்பத்திலிருந்தே மனதில் வைத்திருந்தேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அக்காவின் பெயரை எடுக்கவே இல்லை.

குழுவே கொந்தளித்தது. சேனலைப் புறக்கணிப்போம் என்றார் சரவணன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. அந்தக் காட்சி அக்காவுடையது என்பதற்கு உலகத்தில் எழுத்தில் இருந்த ஒரே சாட்சி, அது நடக்கவே இல்லை என்று நான் படங்களோடு எழுதிய பதிவுதான். அவரைக் கவிழ்க்க எழுதியதை எடுத்து நேரலைக்குக் கீழே போட்டேன். ஒருமுறை, இருமுறை, அவர்கள் அழிக்க அழிக்க மறுபடியும். மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டார்.

"உடுங்க சாமி. அவ கொலுசு மாட்டிக்கிட்டா, அது போதும். உங்களுக்கு யாரு மேல கோவம்? அந்தாளு மேலயா, எம் மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்" என்றேன்.

சிரித்தார். "அப்பாடா. இன்னிக்குத்தான் ஒழுங்கா ஒரு பதில் சொல்லீருக்கறீங்க. இத அப்பிடியே ரெண்டு நிமிசத்துல பேசி அனுப்புங்க, நிச்சியம் போடுவாங்க."

நான் பேசி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் போட்டிருப்பார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அடக்கத்துக்குச் சேலம் போனோம், சரவணனும் நானும் இன்னும் மூன்று பேரும். கல்லறைத் தோட்டத்தில் நல்ல வெயில். மருந்துக்கடை முதலாளி, அந்தச் சர்க்கரை மாத்திரைப் பாட்டி, சர்ச்சுப் பங்கு மக்கள் என்று கூட்டம். லோடு இறக்கிவிட்டு இரண்டு நாள் ஓய்வுக்கு வந்திருந்த நேரம் பார்த்து நடந்துவிட்டது என்று ஆரோக்கியம் அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் என்னைக் காட்டி, "பட்டியல் தம்பிங்க" என்றார். அந்த ஊரில் அத்தனை பேருக்கு என்னைத் தெரிந்திருந்தது. நேரலையில் சொல்லாத பெயரை அக்கா வேறெங்கெல்லாமோ சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு நேரலையில் அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள். சேலத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை என்று தயாரிப்பாளர் அம்மா சொன்னார். மருந்துக்கடை என்று மூன்று தடவை கருத்தில் எழுதினேன். வந்துகொண்டிருந்த பூக்களுக்கும் கும்பிட்ட கைகளுக்கும் நடுவே அது மேலே ஓடி மறைந்தது. பிறகு குக்கர் பதிவை ஒலிக்கவிட்டார்கள். ஏழாவது தடவை. எனக்கு வயிறு எரிந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். எட்டு மணிக்குப் போன். ஆரோக்கியம் அண்ணன். நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் ஓரங்கட்டியிருப்பதாகச் சொன்னார். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பின்னால் வண்டிகள் போகிற சத்தம்.

"சாமி, இன்னிக்கு என்னங்க ஆச்சு?"

பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகச் சொன்னேன். பூங்கொடி பழைய வீட்டுக்குத் திரும்பி வந்தது, வாசலில் செருப்பைக் கழற்றியது, யாரும் வா என்று சொல்லாதது, மாமியார் உள்ளே போய்விட்டது. ம், ம் என்று கேட்டார். முடித்ததும், "சுத்தமாச் சொல்றீங்க. அவ சொன்னாப்பல இல்லீங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் சுருக்கென்றது. செத்தும் அந்த அம்மா எனக்கு முன்னால்தான் நிற்கிறார்.

"இன்னொன்னு இருக்குங்க" என்றேன். "எல்லாரும் உள்ள போனப்பறம் மாமியா மட்டும் திரும்பி வந்தாங்க. செருப்பு வெயில்ல கெடந்துச்சு. அத எடுத்து நெழல்ல வெச்சுட்டுப் போயிட்டாங்க. பூங்கொடி பாக்கல."

அண்ணன் லாரிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அது வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க."

"நான் செல்லுல பாத்துட்டுத்தான் சாமி கூப்புட்டேன். தெனமும் பாத்துருவேன். பாத்துட்டுத்தான் அவளையும் கேப்பேன். செருப்பெல்லாம் வரலீங்க. கொலுசும் அன்னிக்கு வரல. எனக்கு அன்னிக்கே தெரியும். நாளைக்குக் கூப்புடறேன், சொல்லுங்க."

என் பட்டியலில் இப்போது எண் போடாத ஒரு வரி இருக்கிறது: செருப்பு, நிழல். வராத காட்சியை நான் எழுதி வைத்திருப்பது இதுதான் முதல் தடவை. அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த வரியும், எட்டு மணிக்கு வரும் ஒரு போனும். இரண்டுமே எனக்கென்று வந்தவை இல்லை. அந்த மனிதர் கூப்பிடுவது அக்காவை, எடுப்பது நான் என்பது எனக்குத் தெரியும். பொறாமை அப்படியே இருக்கிறது. ஆனால் போனை முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.